வடதுருவத்துக்குப் போன நல்ல தண்ணி

வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் என் கணவர் பைத்தியம். போடாவிட்டால் துரோகி.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தப் புதன்கிழமை காலையில் துப்பறிகிற மௌனிகாவின் காரில் வெள்ளகோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"பல்லடம் தாண்டியாச்சு" என்றான் ஓட்டிக்கொண்டிருந்த ரியாஸ். "இனிமேல் காத்தாலையும் கறிக்கோழியும்தான். அக்கா, கண்ணாடியை ஏத்திக்குங்க. இந்த வாசம் வடதுருவம் வரைக்கும் தொரத்திட்டு வரும்."

"ரியாஸ்" என்றாள் மௌனிகா.

"சரிங்க மேடம். வாயை மூடிட்டு மூக்கால மூச்சு விடறேன். அதுதான் தண்டனையே."

முகமது ரியாஸ் அவளுடைய உதவியாளன். சும்மா இருக்கத் தெரியாதவன். மௌனிகா நேர் எதிர். முன்பு கப்பல் இன்சூரன்ஸில் வேலை பார்த்தவள். கப்பல் முழுகினால் தப்பு யார் மேல் என்று கண்டுபிடிப்பது அப்போது அவள் தொழில். பிறகு கோயமுத்தூருக்கே திரும்பி வந்து, தரையில் முழுகிப்போகிற கணவன்மார்களையும் கூட்டாளிகளையும் தேடிக்கொண்டிருந்தாள். என் விஷயத்தில் கப்பலும் இருந்தது, கணவரும் இருந்தார்.

என் கணவர் கிளமென்ட், துடியலூர் கருடாத்ரி பம்ப்ஸில் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவர். நான் அருள்செல்வி, ஒரு கல்லூரியில் நூலகர். அவர் போன பிறகு, நூலகத்துக்கு வருகிற பத்திரிகைகளில் பனி என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் உட்கார்ந்து படித்துவிடுவேன். வடதுருவக் கடலில் பனி உருகிக்கொண்டிருக்கிறது. உருகிய இடத்தில் கப்பல் போக வழி திறக்கிறது. கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்கு அந்த வழியே போனால் பத்துப் பதினைந்து நாள் மிச்சம். கடலுக்கு அடியில் எண்ணெய், எரிவாயு, நிக்கல். வழியைத் திறந்து காட்டி உரிமை கொண்டாட ஒரு வல்லரசு. அந்த வழி ஆபத்தானது என்று உலகத்துக்குக் காட்டிவிட்டு, தன் துறைமுகங்கள் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும் என்று சொல்லக் காத்திருக்கிறது இன்னொன்று. நாடுகளின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பேப்பர் படிக்கிறவர்களுக்கு நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அந்த வழியைக் குளிர்காலத்தில் கடந்து காட்டுவதற்கென்று புறப்பட்ட ஒரு சரக்குக் கப்பலுக்குப் பம்புகள் எங்கள் துடியலூரிலிருந்து போயின. அன்றாடம் ஓடும் பம்புகள் போக, ஆபத்துக்கென்று ஆறு நீர்மூழ்கிப் பம்புகள் தனிப் பெட்டிகளில். கப்பலுக்குள் கடல் புகுந்தால் மட்டும் பிரித்து இறக்க வேண்டியவை.

எங்கள் ஊரில் நீர்மூழ்கி மோட்டாருக்குள் நல்ல தண்ணீரை நிரப்பித்தான் போர்வெல்லில் இறக்குவார்கள். அந்தக் கடலுக்கு அது ஆகாது. தண்ணீர் உறைந்தால் மோட்டார் வெடித்துவிடும். அதனால் கிளமென்ட் ஆறு மோட்டார்களிலும் உறையாத பச்சைத் திரவத்தை நிரப்பி, பெட்டியில் அடைத்து, மூடியின் மேல் தன் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினார். பெட்டிகள் கடல் வழியே போய்ச் சேர்ந்த பிறகு அவரும் அங்கே போனார். மற்ற பம்புகளைப் பொருத்திக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியவர், ஒரே ஒரு தடவை அந்த வழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலிலேயே இருந்துவிட்டார்.

கப்பல் பனியில் மாட்டியது. அடிப்பக்கம் பிளந்தது. பெட்டிகளைப் பிரித்தபோது ஆறு மோட்டாரும் வெடித்துக் கிடந்தன. உள்ளே பச்சைத் திரவம் இல்லை. வெறும் தண்ணீர். படகில் இறங்கியவர்கள் யாரும் கிடைக்கவில்லை. பாதி முழுகிய கப்பலை மட்டும் பிறகு இழுத்து வந்தார்கள்.

பிரிக்கும்வரை பெட்டி மூடிகளில் ஸ்டிக்கர் கிழியவில்லை என்று கப்பலின் கடைசி ரேடியோச் செய்தியில் இருந்தது. கையெழுத்து கிளமென்ட்டுடையது. ஆகவே எதிரிக்கு விலைபோன எஞ்சினியர் என்பது விசாரணைக் குழுவின் முதல் பதில். அப்படியானால் அவரே ஏன் அந்தக் கப்பலில் ஏறிச் செத்தார்? அதற்குத்தான் இரண்டாவது பதில் தயாராக இருந்தது: மனநிலை சரியில்லாதவர்.

அப்படி நானே சொல்வதாக எழுதிய அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் கருடாத்ரி முதலாளி கோவிந்தராஜுலு. "பைத்தியம்னு எழுதிப்போட்டா துரோகின்னு எழுதமாட்டாங்க கண்ணு" என்றார். "வெள்ளிக்கிழமை விசாரணை முடியுது. அதுக்குள்ள நீ கையெழுத்துப் போட்டுட்டா நான் பாத்துக்கறேன்." எழுபது வயது. கிளமென்ட்டைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தவர். மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்து, கிளமென்ட் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மௌனிகாவை எனக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவரும் அவரே. "உன்ற மனசு ஆறட்டும் அம்மணி. செலவு என்னுது."

"மறுபடியும் அந்த மெசேஜைக் காட்டுங்க" என்றாள் மௌனிகா.

போனை நீட்டினேன். ஒரு வருடமாக அவருடைய பழைய மெசேஜ்களை நான் திறந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் திறந்தேன். பெட்டிகள் லாரியில் ஏறிய அன்று எங்கள் சர்ச்சில் மாதா திருவிழாக் கொடியேற்றம். கிளமென்ட் பாடற்குழுவில் நின்றிருந்தார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அங்கிருந்தே ஒரு படம் அனுப்பினார். பெட்டிக்குள் அவர் போட்டுவைத்த டிராக்கரின் வரைபடம், அதில் ஒரு நீலப் புள்ளி. கீழே: 'தூத்துக்குடிக்குப் போகிற லாரி வெள்ளகோவிலில் நிற்கிறது. டிரைவர் முருங்கைக்காய் வாங்கப் போய்விட்டான் போல.' நான் பாட்டைக் கவனிக்கும்படி கண்ணாலேயே அதட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"தூத்துக்குடிக்குத் தாராபுரம்தான் வழி, வெள்ளகோவில் இல்லை" என்றாள் மௌனிகா. "திங்கட்கிழமை உங்க முதலாளிகிட்ட கேட்டேன். டிராக்கர் கோளாறா இருக்கும், வெள்ளகோவில் பக்கம் எனக்கு ஒரு ஜோலியும் இல்லீங்கன்னார். அன்னைக்குச் சாயங்காலமே உங்ககிட்ட காகிதம் வந்துருச்சு."

"ஐயா என் நல்லதுக்குத்தான்..."

"இருக்கலாம்."

"ஆனா மேடம்," என்றான் ரியாஸ், "ஸ்டிக்கர் கிழியலைன்னா பெட்டியே தொறக்கலைன்னு எழுதியிருக்காங்க பாருங்க, அவங்களை எங்க வாப்பாவோட பழக்கடையில ஒரு வாரம் உக்கார வெக்கணும். ஆப்பிள் பெட்டியில மேல கைவெச்ச ஆளே கிடையாது. எல்லாம் அடிப்பலகைதான். மேல சீல் அப்படியே கன்னி கழியாம இருக்கும், உள்ள பாத்தா பாதி உருளைக்கிழங்கு."

மௌனிகா முதல்முறையாகச் சிரித்தாள். "சரி. அப்ப ஒரே ஒரு இடைஞ்சல். உடைஞ்ச மோட்டார்ல பனிக்கட்டியா இருந்த தண்ணியைச் சோதிச்சிருக்காங்க. உப்பே இல்லாத தண்ணி. உங்க ஃபேக்டரித் தொட்டியிலதான் அப்படித் தண்ணி, இல்லையா?"

"ஆமாம். சிறுவாணித் தண்ணியை லாரியில வரவழைப்பார் ஐயா. வேற தண்ணி மோட்டாருக்குள்ள போகவே விடமாட்டார்." கிளமென்ட் நினைவு வந்து எனக்கும் சிரிப்பு வந்தது. "ஐயா மோதிர விரலைத் தண்ணியில முக்கி நாக்கு நுனியில வெச்சுப் பார்ப்பார். இடது பக்கம் திரும்பித் துப்பிட்டு, வேட்டித் தலைப்புல விரலைத் தொடைச்சுக்கிட்டு, 'ம், ஊத்து'ம்பார். கிளமென்ட்டும் வீட்ல என் காபியை அப்படித்தான் சோதிப்பார். 'ம், ஊத்து'ன்னு சொன்னாத்தான் நான் டம்ளரை நிரப்பணும்."

காங்கேயம் வந்தது, போனது.

நீலப் புள்ளி நின்ற இடம் வெள்ளகோவிலைத் தாண்டி, கரூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில் இருந்தது. இரண்டு பக்கமும் முருங்கைத் தோட்டம். முடிவில் மூடிப்போன ஒரு எண்ணெய் மில். தகரக் கூரை. கார் நின்றதும் எங்கிருந்தோ ஒரு கூட்டம் கின்னிக்கோழிகள் பாய்ந்து வந்து சுற்றி நின்று கத்த ஆரம்பித்தன.

"போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு சத்தமா விசாரிக்கமாட்டாங்க" என்றான் ரியாஸ்.

"ஆருங்க அது?" என்று கேட்டபடி ஓர் அம்மாள் வந்தாள். கையில் முறம். மில்லைப் பார்த்துக்கொள்கிறவள், பெயர் பாவாத்தாள் என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்கம்மா, கோழி வெலைக்குக் கெடைக்குமுங்களா?" ரியாஸ் நூறு வருடம் அந்த ஊரில் இருந்தவன் போலக் கேட்டான்.

"அது விக்கறதுக்கில்லைங் சாமி. காவலுக்கு."

மௌனிகா கோழிகளைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தடியில் மூன்று சங்கிலிகள் துருப்பிடித்துத் தொங்கின. பக்கத்தில் ஒரு கல்தொட்டி, காய்ந்து கிடந்தது.

"நாய் எங்கீங்கம்மா?" என்று கேட்டாள்.

பாவாத்தாளின் முகம் மாறியது. வந்தது யார், எதற்கு என்று கேட்க வேண்டிய நேரத்தில் அவள் அதைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்று ஒரு வருடமாகக் காத்திருந்தவள் போலிருந்தது.

"செத்துப்போச்சுங். மூணும். போன ஆவணியில ஒரு லாரி வந்துச்சு. பெரிய பெரிய மரப்பெட்டி. அதையெல்லாம் தலைகீழாக் கவுத்துப்போட்டு அடியில பலகையைக் கழட்டினாங்க. உள்ள இருந்த குழாயாட்ட சாமானத்துல இருந்து பச்சைப்பசேல்னு தண்ணி. எல்லாத்தையும் இந்த வாய்க்கால்ல விட்டுப்போட்டாங்க. எறும்பு மொய்ச்சுக்கிச்சு. நாய் மூணும் நக்கோ நக்குன்னு நக்குச்சுங். அத்தனை ருசி போல. வெடியால எந்திரிச்சுப் பாத்தா குடிச்சவனாட்ட தள்ளாடுது. மறுநா ஒண்ணு, அதுக்கும் மறுநா ரெண்டு." முறத்தைக் கீழே வைத்தாள். "வெசம்னு ஒரு வார்த்தை சொல்லலீங்களே அவிய. நாயைக் கட்டிப்போடுங்கன்னு சொன்னா கட்டிப்போட்டிருக்கமாட்டனுங்களா?"

ரியாஸ் என்னைப் பார்த்தான். அவன் கண் பளபளத்தது. அந்த நாளில், அந்த மாலையில், கிளமென்ட் துடியலூர் சர்ச்சில் ஊரே பார்க்கப் பாடிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தது அவர் இல்லை.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" என்றாள் மௌனிகா.

பாவாத்தாள் போர்வெல் குழாயைத் திருகி ஒரு செம்பில் பிடித்துக் கொடுத்தாள். மௌனிகா ஒரு வாய் குடித்துவிட்டு செம்பை ரியாஸிடம் நீட்டினாள். அவன் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"கேஸ் போச்சு மேடம்" என்று முணுமுணுத்தான். "உப்புன்னா உப்பு, தயிர் இருந்தா மோராவே குடிச்சிரலாம். இந்தத் தண்ணியை ஊத்தியிருந்தா சோதனையில தெரிஞ்சிருக்குமே. உப்பே இல்லைன்னுதானே ரிப்போர்ட்டு?"

மௌனிகா மில்லின் கதவு வரை போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். நானும் போனேன். இருட்டு பழகியதும் தெரிந்தது. சுவரோரமாக, ஆள் உயரத்துக்கு, நீல நிறத் தண்ணீர் கேன்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, மூடி பிரிக்காமல்.

"ஊட்ல ஏதாச்சும் கல்யாணமுங்களா?" என்றான் ரியாஸ் பின்னாலிருந்து.

"எனக்கேதுங் கல்யாணம். ஒத்தக் கட்டை. இது நேத்து கொண்டாந்து எறக்கினது. இன்னைக்குப் பொழுது சாய இன்னொரு லோடு வருதாம். கோழியையெல்லாம் முன்னாடியே அடைச்சு வெக்கச் சொல்லியிருக்காங்க."

கின்னிக்கோழிகள் கத்துவதை நிறுத்தியிருந்தன. இன்னொரு லோடு என்றால் இன்னொரு கப்பல்.

"போன தடவையும் கேன் தண்ணியைத்தான் ஊத்தினாங்களா?" மௌனிகாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"மொதல்ல இந்தப் போர்த் தண்ணியைத்தான் ஊத்தப் போனாங்க. கூட வந்த பெரியவரு ஒத்துக்கலைங். நல்ல வெள்ளை வேட்டி. எங்கிட்ட செம்புல தண்ணி கேட்டு வாங்கினாரு. குடிப்பாருன்னு பாத்தா, இந்த வெரலை முக்கி..." பாவாத்தாள் மோதிர விரலை நீட்டினாள். "நாக்குல வெச்சாரு. இந்தப் பக்கமாத் திரும்பித் துப்பிப்போட்டு, வேட்டித் தலப்புல வெரலைத் தொடச்சுக்கிட்டு, 'இது ஆகாது, மோட்டாரு கெட்டுப்போகும்'னாரு. அப்பறம் ஆளை அனுப்பி நல்ல தண்ணி கேன் கொண்டாந்தாங்க."

"மோட்டாரு கெட்டுப்போகுமாம்!" ரியாஸ் சிரித்துவிட்டான். "வெடிக்க வெக்க வந்தவனுக்கு மோட்டார் மேல என்ன பாசம்! கொலை பண்ண வந்தவன் கத்தியை டெட்டால்ல கழுவின மாதிரி..."

என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நான் கல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"வாழ்நாள் பூரா மோட்டாருக்குத் தண்ணி ஊத்தின கை" என்றாள் மௌனிகா, யாரையும் பார்க்காமல். "உப்புத் தண்ணியை ஊத்துன்னு மனசு சொன்னாலும் கை கேக்காது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "யாருன்னு தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"எனக்கு ஃபீஸ் குடுக்கறவர். தினமும் பொழுதோட போன் பண்ணி, இன்னைக்கு என்ன கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டார். உங்க மேல அக்கறைன்னு நினைச்சேன். என்ன மிச்சம் இருக்குன்னு என்னை வெச்சே துழாவியிருக்கார்."

நான் எழுந்தேன். கைப்பையில் இருந்த பாட்டிலைக் காலி செய்து, போர்க் குழாயில் நிரப்பி, இறுக மூடினேன். எதற்கு என்று மௌனிகா கேட்கவில்லை.

திரும்பும் வழியில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். துறைமுகத்திலிருந்து கிளமென்ட் கடைசியாகப் பேசியபோது சொன்னது: "ஐயாவுக்கு என்னாச்சுன்னே தெரியலை. தினம் ரெண்டு தடவை போன் பண்றார். வேலை முடிஞ்சா எறங்கிரு, கப்பல்ல போகாதே, ஊருக்கு வந்துருன்னு. அம்மா கூட இப்படிக் கூப்பிட்டதில்லை." நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்தோம். பாசம் என்று நினைத்தோம்.

"பாசமாவும் இருக்கலாம்" என்றாள் மௌனிகா.

பாவாத்தாள் சொன்னது போதுமா என்று ரியாஸ் கேட்டான். போதாது என்றாள் மௌனிகா. அவர் மறுத்துவிட்டால் அவர் கருடாத்ரி முதலாளி, இவள் எண்ணெய் மில்லில் கோழி பார்க்கிறவள். நாய்களைப் புதைத்தாகிவிட்டது. வாய்க்காலில் ஒரு மழைக்காலம் ஓடிவிட்டது. "அவர் வாயால வரணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. இன்னைக்கு லாரி கெளம்பறதுக்குள்ள."

பல்லடத்தில் என் போன் அடித்தது.

"ஏங்கண்ணு, எங்க இருக்கறே?" அதே கனிவான குரல்.

"அன்னூர்ல ஒரு சிநேகிதி வீட்டுக்கு வந்தேனுங்க ஐயா."

"சரி கண்ணு. பொழுது சாய உன்ற ஊட்டுக்கு வாரேன். அந்தக் காகிதத்தை எடுத்து வெச்சிரு." கொஞ்சம் நின்று கேட்டார்: "மௌனிகாம்மா கூட இருக்காங்களா?"

"இல்லீங்க ஐயா."

வைத்த பிறகு ரியாஸ் மெல்லச் சொன்னான்: "அக்கா, உங்களுக்குப் பொய் சொல்ல வரலை. அவரும் நம்பலை."

நாங்கள் துடியலூர் சேர்ந்தபோது எங்கள் கேட்டுக்கு முன்னால் அவருடைய கார் ஏற்கனவே நின்றிருந்தது.

எங்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தும் அவர் எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்தார். கிளமென்ட் படத்துக்கு முன்னால் எப்போதும் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, போனை டீப்பாயில் வைத்து, அதன் பக்கத்தில் பேனாவையும் வைத்தார். நான் காகிதத்தை எடுத்து வந்து வைத்தேன்.

"இருங்க ஐயா, தண்ணி கொண்டாரேன்."

சமையலறையில் பாட்டிலைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன்.

டம்ளரை வாங்கினார். மோதிர விரலை முக்கினார். நாக்கு நுனியில் வைத்தார். இடது பக்கம் திரும்பினார்.

அப்படியே நின்றது முகம். என் வீட்டு வரவேற்பறையில் துப்புவதற்கு இடமில்லை. விழுங்கினார். மெதுவாகத் திரும்பி டம்ளரைப் பார்த்தார்.

"இது நம்மூர்த் தண்ணி இல்லையே கண்ணு."

"இல்லீங்க ஐயா."

கதவோரம் நின்றிருந்த மௌனிகா ஓரடி முன்னால் வந்தாள்.

"எந்த ஊர்த் தண்ணின்னு நீங்க கேக்கவே இல்லீங்களே ஐயா."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. டம்ளரைத் தூக்கினார். அந்த உப்புத் தண்ணீரை, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு ஆகாது என்று ஒதுக்கிய தண்ணீரைக் குடித்து அதற்கு முன் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"எறங்கச் சொன்னேன் கண்ணு" என்றார். "தெனமும் சொன்னேன். கேக்கலை அவன்."

"ஏன் எறங்கணும்னு சொன்னீங்களா?"

காலி டம்ளரின் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாள் நின்னா போதும்னாங்க அந்தத் துறைமுகக்காரங்க" என்று பிறகு சொன்னார். "பனி இடிச்சுக் கொஞ்சம் தண்ணி புகுந்தா, எறைக்கப் பம்பு இல்லாம கப்பல் நடுவழியில நிக்கோணும், போட்டோ புடிச்சு உலகம் பூராப் போட்டிருவம், இழுத்துட்டு வர எங்க கப்பலையே அனுப்புவம், ஆகாத வழின்னு இன்சூரன்ஸ்காரன் ஓடிருவான், அவ்வளவுதான்னாங்க. அவங்க கட்டற துறைமுகம் அத்தனைக்கும் நம்ம பம்பு. அம்பது வருசமா போர்வெல்லுக்குள்ளயே கெடந்தவன் நான். உலகத்துத் தலையில என்ற பேரு இருக்கும்னு நெனைச்சுப்போட்டேன். ஆளு சாகும்னு ஒருத்தரும் சொல்லலை கண்ணு."

"நாய் சாகும்னும் சொல்லலைங்களாம்" என்றான் ரியாஸ். அது வேடிக்கையாக இல்லை. அவனும் அப்படி நினைத்துச் சொல்லவில்லை.

"இன்னைக்குப் போற லோடு எந்தக் கப்பலுக்கு?" என்று கேட்டாள் மௌனிகா.

அவளுக்குத் தெரிந்துவிட்டதில் அவருக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை. "அதே கம்பெனி, அடுத்த கப்பல். ஒரு தடவை செஞ்சவன் மறுபடி முடியாதுன்னு சொல்ல முடியாதும்மா. மொதல் தடவை நான் செஞ்சது அவங்க கையில இருக்கு. நாலு மாசமா முடியாது முடியாதுன்னுதான் சொல்லிட்டிருந்தேன்."

"அந்தக் கப்பல்ல எத்தனை பேரு போறாங்க?"

"கேக்கலை." கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டா தெரிஞ்சிருமே."

நான் காகிதத்தைத் திருப்பி, எழுதாத பக்கம் மேலே இருக்கும்படி அவருக்கு முன்னால் தள்ளினேன். பேனாவைத் திறந்து கையில் கொடுத்தேன்.

"கிளமென்ட்டுக்குப் பைத்தியம் இல்லீங்க ஐயா. அவர் துரோகியும் இல்லை. நீங்க எழுதுங்க. வெள்ளிக்கிழமை நீங்களே வந்து படிச்சுக் குடுங்க."

அவர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பாடற்குழு வெள்ளைச் சட்டையில் கிளமென்ட், வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற அந்தச் சிரிப்பு. குனிந்தார். 'கோவிந்தராஜுலு ஆகிய நான்' என்று எழுதினார். அங்கே பேனா நின்றது.

டீப்பாயில் அவருடைய போன் அதிர்ந்தது.

திரையில் பெயர் இல்லை, எண் மட்டும். அவர் அதைப் பார்த்த விதத்திலேயே யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. போன் நகர்ந்து நகர்ந்து டம்ளரில் இடித்து ஒலித்தது.

நான் எடுத்தேன்.

"ஏனுங்க, வணக்கமுங்க" என்றது ஒரு குரல். சின்ன வயதுக் குரல், பணிவான குரல். "லோடு கெளம்பிருச்சுங்களா? இங்க மில்லுல எல்லாம் தயாரா இருக்குதுங்க. கேனெல்லாம் நேத்தே எறக்கியாச்சுங்க."

ஒரு வருடமாக நான் பத்திரிகைகளில் தேடிய குரல் அது. எங்கோ பனிக்கு அப்பால், புரியாத பாஷையில், இரும்பு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது எங்கள் ஊர்க்காரர்களைப் போலவே பேசியது. காய்கறிக் கடையில் எனக்கு முன்னால் நின்றிருந்தால் வழிவிட்டிருக்கும்.

"கெளம்பலீங்க" என்றேன். "இனிமேலும் கெளம்பாதுங்க."

அந்தப் பக்கம், தூரத்தில், கின்னிக்கோழிகள் கத்தின.

"நீங்க ஆருங்க பேசறது?"

"கிளமென்ட்டோட சம்சாரம்."

"ஓ" என்றது குரல். பணிவு கொஞ்சமும் குறையவில்லை. "சரிங்க அம்மணி. துடியலூர்ல சர்ச்சுக்குப் பின்னால, மஞ்சள் ஊடுதானுங்களே?"

மௌனிகா ஜன்னல் அருகே போய்த் தெருவைப் பார்த்தாள். ரியாஸ் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"ஆமாங்க" என்றேன். "வாங்க. ஐயா இங்கதான் இருக்கார். எழுதிக்கிட்டிருக்கார்."

போனை நான் வைக்கவில்லை. காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றிருந்த பேனா மறுபடியும் காகிதத்தில் நகர ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அந்தப் பக்கத்துக்கும் கேட்க வேண்டும் என்று, போனை மெல்ல இறக்கிக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தேன்.